நூறடி தள்ளி நின்னு பாருங்க

அது டேப்புங்க தம்பி. நூறடி டேப்பு. இடிக்குதுங்களா? சித்த இக்கட்டால தள்ளி வெச்சுக்கறேன். இவன் எங்கியோ நெலம் அளக்கப் போறான்னு நெனச்சிருப்பீங்க. அதெல்லாம் இல்லீங்க. எங்கக்கா வீட்டுச் சமையக்கட்டு ஜன்னல்ல இருந்து மாட்டுக் கொட்டாய் வரைக்கும் அளக்கோணும். அளந்து, ஒரு சீட்டுல எழுதி, அந்த பூபதி மூஞ்சில வீசோணும். அதுக்குத்தான் இந்த வெயில்ல பொறப்பட்டு வந்திருக்கறேன். வேற சோலி ஒண்ணுமில்லீங்க.

சிரிக்கறீங்க. சிரிங்க, சிரிங்க. நீங்க எதுவரைக்கும்? தாராபுரமா? அப்ப நேரங் கெடக்குது, கேளுங்க. நான் புளியவலசு பிரிவுல எறங்கிருவேன்.

எம்பேரு சென்னியப்பனுங்க. சென்னிமலைல போர்வை நெசவு. சொந்தத் தறி ஆறு ஓடுது, வெளித்தறில நெய்யக் குடுத்து வாங்கறதும் உண்டு. இழை வெசயத்துல நான் ரொம்பக் கறாருங்க. பாருங்க, சட்டைப் பைல எப்பவும் இந்தக் கண்ணாடி இருக்கும். துணி மேல வெச்சுப் பாத்தா ஒரு இஞ்சுக்கு எத்தன நூல் ஓடுதுன்னு எண்ணிப் போடலாம். நாப்பத்தெட்டு இருக்கோணும். நாப்பத்தாறு இருந்தாக் கூட, 'இது போர்வை இல்லப்பா, கொசுவலை, எடுத்துட்டுப் போ'ன்னு திருப்பி அனுப்பிருவனுங்க. இழை கொறஞ்ச துணிய என்ன இழுத்தாலும் துணி ஆகாதுங்க, ஓட்டைதான் பெருசாகும். இது எனக்கு ஒருத்தன் சொல்லித் தரோணுமா?

செரி, வெசயத்துக்கு வர்றேன். ஆறு வருசத்துக்கு முன்னால எங்கக்கா, தெய்வானைன்னு பேரு, புது வீடு கட்டிக் குடி போனாங்க. எனக்கு ஒரே அக்கா. போட்டோக்காரன் வந்து சொந்தபந்தம் அத்தன பேரையும் வாசல்ல நிக்க வெச்சு எடுத்தான். நான் ஓரத்துல, மூச்சக் கட்டிட்டு வெறப்பா நின்னனுங்க. பத்து நாள் கழிச்சு ஆல்பம் வந்துது, பாக்க வான்னு அக்கா கூப்பிட்டாங்க. கோழிக்கொழம்பு வெச்சிருந்தாங்க. சாப்ட்டுட்டே ஆல்பத்தப் பிரிச்சா, எல்லாரும் இருக்கறாங்க. பக்கத்துத் தோட்டத்து ஆயா இருக்குது. சமையக்காரர் கரண்டியோட இருக்கறார். என்னயக் காணமுங்க! உத்துப் பாத்தா, ஓரத்துல ஒரு காது. என்ற எடது காது.

நீங்களே சொல்லுங்க தம்பி, கூடப் பொறந்தவன் நான். அந்த வீட்டுல எனக்கு ஒரு காதளவுதான் எடமா? அதையே கேட்டனுங்க. அக்கா என்ன சொல்லிருக்கோணும்? 'அய்யோ சாமி, தப்பு நடந்து போச்சு'ன்னு சொல்லிருக்கோணும். சிரிக்கறாங்க! 'காதாச்சும் வந்துதேடா, இனியாவது நாலு பேரு சொல்றதக் கேப்பியா பாக்கலாம்'ங்கறாங்க. நான் பாதிச் சோத்துல எந்திரிச்சுட்டனுங்க. கையக் கூடக் கழுவல. அன்னைக்கு விட்டதுதான் பேச்சு. நானாப் போகல, அவங்களா வரல. பண்டிகை நாள்ல எங்கூட்டுக்காரி சம்பூரணம், 'ஒரு போன் போட்டாத்தான் என்ன'ன்னு கேப்பா. 'காதுகிட்டப் பேசச் சொல்லு'ம்பேன். எனக்கும் உள்ளுக்குள்ள அடைச்சுட்டுத்தான் இருந்துது, பொய் சொல்லக் கூடாது. ஆனா தப்பு யாருதுங்க?

இந்தத் தையில அக்கா மக மௌனிகாவுக்குக் கல்யாணம் கூடுச்சு. பத்திரிகை வெக்க மச்சான் மட்டும் உள்ள வந்தாரு. அக்கா வெளிய கார்லயே உக்காந்திருந்தாங்கன்னு சம்பூரணம் சொன்னா. நான் போய்ப் பாக்கலீங்க. எதுக்குப் பாக்கறேன்? ஜன்னல் சந்துல லேசாப் பாத்தேன், அவ்வளவுதான். செவப்புச் சீலை கட்டியிருந்தாங்க. எளச்சுப் போயிருந்தாங்க.

எங்க பக்கம் கல்யாணத்துல பொண்ணு கையப் புடிச்சு மணவறைக்குக் கூட்டிட்டு வர்றது தாய்மாமன்தானுங்க. அது அந்தக் காலத்து வழக்கம். இப்ப புதுசா ஒண்ணு சேந்திருக்குது. மண்டப வாசல்ல தாய்மாமன் மூஞ்சி போட்ட பிளக்ஸ் நிக்கோணும். அவனவன் எட்டடி, பத்தடி வெக்கறான். நான் முடிவு பண்ணிட்டனுங்க. காது மட்டுந்தான வந்துது? இப்பப் பாரு, இருபதடி உசரத்துக்கு மூஞ்சி. ரெண்டு காதும் சேத்து.

அதுக்குன்னே ஒரு கேமரா வாங்கினேன். நல்ல கேமராங்க, குத்தமே சொல்ல முடியாது. அதுல ஓரத்துல ஒரு நம்பர் வரும், இன்னும் எத்தன போட்டோ எடுக்கலாம்னு. வாங்கினப்ப முன்னூத்தி எம்பதுன்னு காட்டுச்சு. நான் சும்மா இருப்பனா? நோண்டிப் பாத்தேன். உள்ள பெருசு, நடுத்தரம், சின்னதுன்னு மூணு இருக்குது. சின்னதுல வெச்ச ஒடனே நம்பர் எட்டாயிரத்துக்கு எகிறுதுங்க! ஒரே கார்டுல எட்டாயிரம் போட்டோ! எவனாச்சும் முன்னூத்தி எம்பதோட நிப்பானா? கேமரா செஞ்சவனுக்கே இந்தச் சூட்சுமம் தெரியல போலிருக்குதுன்னு நெனச்சுட்டேன்.

சம்பூரணந்தான் எடுத்தா. அவளுக்குக் கை தாராளம். என்னய மட்டும் எடுடின்னா, தறிக்கொட்டாய், வேப்பமரம், மோட்டார் சைக்கிள், பூனை எல்லாத்தையும் சேத்து எடுப்பா. எரநூத்திச் சில்லற போட்டோ எடுத்ததுல ஒண்ணே ஒண்ணு அமஞ்சுதுங்க. தூரத்துல நிக்கறேன், மூஞ்சி சின்னதுதான், ஆனா என்ன களை! கல்யாண மாப்பிள்ளையாட்டம் இருந்தேன். இதுதான் பிளக்ஸுன்னுட்டேன்.

எடுத்துட்டு பூபதி கடைக்குப் போனேன். எங்கூர்ல பிளக்ஸ் அடிக்கறவன். நல்ல பையன்தான், வாய் மட்டும் ஜாஸ்தி. கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்துட்டு, 'ஒரிஜினல் குடுங்கண்ணா'ங்கறான்.

'இதுதாம்பா ஒரிஜினல்.'

'ஏனுங்ணா, உங்க மூஞ்சி நெத்தில இருந்து தாவாக்கட்ட வரைக்கும் மொத்தமே அறுவது புள்ளிதான் இருக்குது. இத இருபதடிக்கு இழுத்தா ஒரு புள்ளி நாலு இஞ்சுக்கு வரும். கட்டங் கட்டமா நிக்கும்.'

'இழு'ன்னேன்.

'இழுத்தா புள்ளி பெருசாகுமே ஒழிய, புள்ளி கூடாதுங்ணா. உங்களுக்குத் தெரியாததா? இஞ்சுக்கு நாப்பத்தெட்டு இழைன்னு நீங்கதான ஊரையே வெரட்டறீங்க?'

'தம்பி, துணி வேற, மூஞ்சி வேற. ரெண்டையும் போட்டுக் கொழப்பாத'ன்னேன். கம்ப்யூட்டர்ல ஏதாச்சும் பண்ணி மெழுகி விடுன்னேன். 'விடலாமுங்ணா, ஆனா இல்லாத மூக்க அது எங்கிருந்து கொண்டாரும்? குத்துமதிப்பா ஒரு மூக்கு போடும். உங்க மூக்கா இருக்காது'ங்கறான். எனக்கு எதுக்குங்க கண்டவன் மூக்கு?

அப்பத்தான் எனக்கொரு ரோசனை வந்துது. கேமராவ எடுத்தேன். இந்தத் தடவ பெருசுல வெச்சேன். அவன் கம்ப்யூட்டர் திரையில இருந்த என்ற மூஞ்சிய, கிட்டப் போயி, திரை முழுக்க வர்றாப்புல ஒரு போட்டோ எடுத்தேன். 'இந்தா, இப்பப் பெருசாயிருச்சுல்ல? இத அடி.' அவன் பாத்துட்டுத் தலைல கை வெச்சுட்டான். 'அண்ணா, நீங்க இப்ப எடுத்தது கட்டந்தானுங்ணா. கட்டம் ரொம்பத் தெளிவா வந்திருக்குது.' பொறாமைங்க. இவனுக்குத் தோணலீல்ல.

'கடைல ரெண்டே நிமிசம் நில்லுங்க, நானே புதுசா எடுத்துடறேன்'னு சொன்னான். சொன்னான், இல்லைங்கல. அங்கதான் கெரகம் வந்து நின்னுது. கல்யாணத்துக்குன்னு, கடைக்குப் போறதுக்கு முந்தின நாள் மீசைக்கு மை அடிச்சனுங்களா, அது ஒத்துக்காம ஒதடு கன்னமெல்லாம் போண்டாவாட்டம் வீங்கிக் கெடக்குது. கண்ணு பாதிதான் தெறக்குது. அந்த மூஞ்சிய இருபதடிக்கு வெச்சா மாப்பிள்ளை வீட்டுக்காரன் ஓடிருவான். 'அப்ப மூணடில அடிச்சுக்கலாங்ணா, ஓரளவு மானமா வரும்'னான். மூணடி! எங்கக்கா ஆல்பத்துக் காதுக்கும் அதுக்கும் என்னடா வித்தியாசம்னு சத்தம் போட்டேன். கடைல இருந்தவங்கெல்லாம் திரும்பிப் பாத்தாங்க.

கடேசியா அவனுக்கே அலுத்துப் போச்சு. 'செரிங்ணா, அடிச்சுத் தர்றேன். நூறடி தள்ளி நின்னு பாத்தா நல்லாத் தெரியும்'னான். கேட்டீங்களா தம்பி? அவன் வாயால சொன்னது. நூறடி. இத மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க.

கல்யாணத்தன்னைக்குக் காலைல மண்டப வாசல்ல சாரம் கட்டி ஏத்தியாச்சு. நான் கீழ நின்னு அண்ணாந்து பாக்கறேன். கட்டங் கட்டமா, பழுப்பும் கருப்புமா, என்னமோ நிக்குது. எது கண்ணு எது மூக்குன்னு எனக்கே தெரியலீங்க. அதுக்குள்ள சொந்தபந்தம், ஒறம்பரையெல்லாம் வர ஆரம்பிச்சுட்டாங்க. காங்கேயத்துச் சித்தப்பா வந்து நின்னு பாத்துட்டு, 'மண்டபத்துக்காரன் டைல்ஸ் கடையும் போட்டிருக்கறானா?'ன்னு கேக்கறாரு. மாப்பிள்ளை வீட்டுல ஒரு அம்மா, 'டிவில போலீஸ் புடிச்சவன் மூஞ்சிய மறச்சுக் காட்டுவாங்களே, அது மாதிரி இருக்குது, யாரு இந்தாளு?'ங்குது. ஒருத்தன் வாட்ச்மேனக் கூப்பிட்டு, 'மூஞ்சிய மறச்சிருக்குதே, எலெக்சன் அறிவிச்சுட்டாங்களா'ன்னே கேட்டுட்டான். கீழ எழுதியிருக்குதுல்ல, தாய்மாமன் சென்னியப்பன்னு! எழுத்து மட்டும் பளிச்சுனு வந்திருந்துதுங்க. எழுத்து எம்போட்டோல இருந்து வந்ததில்லையே.

அப்பத்தான் பூபதி சொன்ன நூறடி ஞாபகம் வந்துது. காலடியால எண்ணிட்டே போனேன். ரோட்டத் தாண்டுனா முப்பது. பேக்கரியச் சுத்திட்டுப் போனா அறுவது. திருப்பத்துல ஒரு டிரான்ஸ்பார்மர் இருக்குது, அங்க போயி நின்னா கரெக்டா நூறு. திரும்பிப் பாத்தேன். தம்பி! அங்க நான் நிக்கறேன்! மீசை, நெத்தித் திருநீறு, ரெண்டு காது, அப்படியே நான். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க.

அப்பறம் சும்மா இருப்பனா? பிளாஸ்டிக் சேர் ஒண்ணு கொண்டு போயி டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்துல போட்டேன். வர்ற ஒறம்பரையெல்லாம் வாசல்லயே மறிச்சு, கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயி, சேர்ல உக்கார வெச்சு, 'இப்பப் பாருங்க'ன்னு காட்டினேன். காங்கேயத்துச் சித்தப்பாவுக்கு மூட்டு வலி, இருந்தாலும் வந்தாரு. 'ஆமாண்டா, நீதாண்டா'ன்னாரு. பேக்கரிக்காரன் கூட டீக்கிளாசோட வந்து பாத்துட்டுப் போனான். முப்பது நாப்பது பேருக்குக் காட்டியிருப்பேன். ஒவ்வொருத்தரா நம்பறப்ப எப்படி இருக்குதுங்கறீங்க!

மண்டபத்துல மைக்குல என்னமோ கூப்பிட்டுட்டே இருந்தாங்க. மேளச் சத்தத்துல காதுல உழுகல. 'தாய்மாமன் எங்கிருந்தாலும் மணவறைக்கு வரவும்'னு பத்துத் தடவ கூப்பிட்டிருக்கறாங்க. முகூர்த்தம் நெருங்கிப் போச்சு, பொண்ணு ரூம்ல நிக்குது, கூட்டிட்டு வர மாமனக் காணோம். இதெல்லாம் எனக்கு அப்பறம் சம்பூரணம் சொன்னதுங்க. நான் அந்நேரம் மாப்பிள்ளையோட பெரியப்பாவ சேர்ல உக்கார வெச்சு, 'கண்ணச் சித்தச் சுருக்கிட்டுப் பாருங்க, இன்னும் தெளிவாத் தெரியும்'னு சொல்லிட்டிருந்தேன்.

அப்ப ரோட்டுல ஒரு பட்டுச்சீலை வேக வேகமா வருதுங்க. செருப்புக் கூட இல்ல. எங்கக்கா!

கிட்ட வந்து மூச்சு வாங்கிட்டு நிக்கறாங்க. சேரப் பாத்தாங்க, பெரியப்பாவப் பாத்தாங்க, என்னயப் பாத்தாங்க. 'வாடா, புள்ள நிக்குது'ன்னாங்க. அவ்வளவுதான். ஆறு வருசத்துக்கப்பறம் மொத வார்த்தை. என்ற கையப் புடிச்சு இழுத்துட்டுப் போறாங்க. சின்னப்பையன இழுத்துட்டுப் போற மாதிரி, அத்தன பேரு முன்னாடி.

இங்கதான் தம்பி என்ற மனசு உட்டுப் போனது. கரெக்டா நூறடில நிக்கறாங்க. திரும்பினாப் போதும், இருபதடிக்குத் தம்பி மூஞ்சி. அவங்களுக்காகத்தான வெச்சேன்! திரும்பவே இல்லீங்க. என்ற மூஞ்சியவேதான் பாத்துட்டு நின்னாங்க, பாத்துட்டே கூட்டிட்டுப் போனாங்க. 'ஏன்டா ஒதடு இப்படி வீங்கிக் கெடக்குது'ன்னு ஒரு தடவ கேட்டாங்க. பிளக்ஸப் பத்தி ஒரு வார்த்தை? ம்ஹூம். இதவிட ஒரு அவமானம் உண்டுங்களா?

நான் ரோசத்த அடக்கிட்டு மௌனிகாவக் கூட்டிட்டுப் போயி உக்கார வெச்சேன். புள்ள என்ற கைய இறுக்கிப் புடிச்சுட்டா, 'எங்க மாமா போனீங்க'ன்னா. தாலி கட்டியாச்சு. அக்காளுக்கு அங்க ஆயிரஞ் சோலி. பந்தில ஓரமா உக்காந்து சாப்ட்டுட்டு வந்துட்டேன். முடிஞ்சுது, இனி இந்த ஜென்மத்துல பேச்சில்லைன்னு நெனச்சுட்டேன்.

அடுத்த வாரம் போன் வருது.

'சென்னீ.'

'என்ன.'

'உன்ற பிளக்ஸ எடுத்துட்டு வந்து மாட்டுக் கொட்டாய்க்குக் கட்டிட்டோம். சாரலடிச்சு மாடெல்லாம் நனஞ்சுட்டிருந்துது.'

எனக்குச் சுர்ருன்னு ஏறுச்சுங்க. இருபதடி மூஞ்சி, மாட்டுக் கொட்டாய்க்குப் படுதா! இருந்தாலும் ஒண்ணு தெரிஞ்சுக்கோணுமில்ல? 'மூஞ்சி உள்பக்கமா, வெளிப்பக்கமா?'ன்னு கேட்டேன்.

'வெளிப்பக்கந்தான். ஆனா கொட்டாய் உசரம் பத்தாம படுக்க வெச்சுக் கட்டிருக்குது. சமையக்கட்டு ஜன்னல்ல நின்னா நேரெதிர்லயே தெரியற. தலையச் சாச்சுப் பாக்கோணும்.'

'கட்டங் கட்டமாவா தெரியறேன்?'

'கட்டமா? எந்தக் கட்டம்? நீதாண்டா தெரியற. ரெண்டு காதும் வந்திருக்குது.'

அப்பறம் அவங்களே, 'உன்னயப் பாத்துட்டே நின்னு மூணு நாளாப் பாலு பொங்கி அடுப்புல ஊத்திட்டிருக்குது'ன்னாங்க. 'ஞாயித்துக்கெழமை வா. கோழிக்கொழம்பு வெக்கறேன். அன்னைக்குப் பாதில உட்டுட்டுப் போயிட்ட.'

கேட்டீங்களா? கட்டமே தெரியலையாம்! அப்ப என்ன அர்த்தம்? போட்டோல ஒரு கொறையும் இல்லைன்னுதான அர்த்தம்? சம்பூரணம் சொல்றா, 'அண்ணிக்குக் கண்ணுல பொரை உழுந்து ஒரு வருசமாச்சு, அதான் கட்டந் தெரியல'ன்னு. அவளுக்கு எப்பவும் என்னய ஒரு கொறை சொல்லாட்டி ஆகாது. நேரா பூபதிகிட்டப் போயிச் சொன்னேன். 'நூறடின்னு நான் ஒரு பேச்சுக்குச் சொன்னதுங்ணா. அங்க எத்தனையடியோ, யாரு கண்டா'ங்கறான். நூறடிக்குக் கம்மிதான்னு அளந்தே காட்டறேன்டான்னு டேப்பத் தூக்கிட்டேன். அதான் சொல்றனே, அளக்கோணும், திரும்போணும். மத்த ஒறவு கிறவெல்லாம் அப்பறம்.

இந்தப் பைங்களா? இதுல ஒண்ணுமில்லீங்க. சம்பூரணம் கச்சாயப் பலகாரம் சுட்டுத் தந்திருக்கறா, அக்காளுக்குப் புடிக்கும். ஒரு போர்வை, நானே தறில உக்காந்து நெய்ஞ்சது, நாப்பத்தெட்டு இழை, எண்ணியாச்சு. ரெண்டு செட்டு துணி இருக்குது. வழில ஏதாச்சும் ஆச்சுன்னா மாத்திக்க வேண்டாமுங்களா?

கண்டக்டரே! புளியவலசு பிரிவு! நிறுத்துங்க, நிறுத்துங்க! தம்பி, சித்தக் கால எடுங்க. அட, அங்க பஸ் ஸ்டாப்பத் தாண்டி மரத்தடில நிக்கறது யாருங்க? அக்காளுங்க! இந்த வெயில்ல எதுக்கு வந்து நிக்கறாங்க! பாருங்க, தல ஒரு பக்கமாச் சாஞ்சே இருக்குது. ஒரு வாரமாச் சாச்சுச் சாச்சுப் பாத்துக் கழுத்துப் புடிச்சுக்கிச்சு போல. அய்யோ, எங்கக்கா!

என்னங்க? டேப்பா? உட்டுட்டேனா?

அட, நீங்களே வெச்சுக்குங்க தம்பி. எத்தனையடி இருந்தா என்னங்க! அக்கா! இதா வந்துட்டேன், அங்கயே நில்லு!